சீட்டுக்குக் கீழே ஒரு சிவப்பு விளக்கு

லிஃப்ட் இன்ஸ்பெக்டர் வீட்டில் நாலு சைக்கிள். வாசல் நடையில் சுவரோரமாக ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து நிற்கும். அந்தப் பக்கம் போகிறவர்கள் ஏதாவது ஒரு பெடலில் கணுக்காலை இடித்துக்கொண்டு முனகாத நாள் கிடையாது. மகளுடையது மெல்லிய டயர் போட்ட வேக வண்டி. மச்சினனுடையது மடக்கு சைக்கிள்; பேக்கரியில் மாவு பிசைகிற ஆறடி ஆள் அதில் ஏறி உட்கார்ந்தால் தெருவே சர்க்கஸ் பார்க்கும். இன்ஸ்பெக்டருடையது கேரியர்கூட இல்லாத பழைய கறுப்பு வண்டி. அவர் மனைவியுடையது கேரியர் வைத்த, கனமான பச்சை வண்டி.

பச்சை வண்டிதான் வீட்டில் அதிகம் உழைத்தது. அவர் மனைவிக்கு ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. அங்கங்கே இருக்கிற சின்னச் சின்ன கிளினிக்குகளில் ரத்தம் எடுத்து வைத்திருக்கும் சின்னக் கண்ணாடிக் குழாய்களை வாங்கிக்கொண்டு, சாயங்காலம் கூடம் மூடுவதற்குள் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். கார் நுழைய முடியாத நெரிசலில் சைக்கிள் நுழைந்துவிடும் என்பதால் அந்த வேலைக்கு அவளை விட்டால் ஆளில்லை என்று கூடத்தில் எல்லோரும் சொல்வார்கள். அவளுக்கும் அதில் கொஞ்சம் கர்வம் உண்டு.

போன மழைக்காலத்தில் அந்த வண்டியின் பின் லைட் சொல்லாமல் கொள்ளாமல் அணைந்துவிட்டது. ஓட்டுகிறவளுக்கு எப்படித் தெரியும்? தன் முதுகைத் தானே பார்த்தவர் யார்? பின்னால் வந்த வேன்காரனுக்கு அவள் இருப்பதே தெரியவில்லை. வேனின் பக்கக் கண்ணாடி தோளில் அடித்துக் கீழே தள்ளியது. தோள் எலும்பு முறிந்து, கட்டுப் போட்டு, கட்டுப் பிரித்து, ஒருவழியாகக் கை மேலே தூக்க வந்தது. இடது தோள் மட்டும் யாரோ கூப்பிட்டதற்குத் திரும்பப் போகிற மாதிரி கொஞ்சம் தூக்கலாகவே நின்றுவிட்டது.

எலும்பு கூடிவிட்டது, பயம் போகவில்லை. மறுபடி வண்டி எடுத்தவள் நிமிஷத்துக்கொரு தடவை பின்னால் திரும்பிப் பார்க்க ஆரம்பித்தாள். சரியாகக் கூடாத தோளை வைத்துக்கொண்டு திரும்பினால் கைப்பிடியும் கூடவே திரும்பும், வண்டி நடுரோட்டுக்குப் போய்விடும். தோளுக்கு உடற்பயிற்சி சொல்லிக்கொடுத்த அம்மாள் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டாள், இப்படித் திரும்பித் திரும்பிப் பார்த்தால் வேன் தேடி வர வேண்டாம், நீயே போய் விழுவாய் என்று.

வேலையை விட்டுவிடு என்று இன்ஸ்பெக்டர் எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்தார். கெஞ்சினார், கோபித்துக்கொண்டார், சாப்பிடாமல் இருந்து பார்த்தார். அவள் மசியவில்லை. வீட்டில் கிடந்த மாதங்களில் தன் குரலே தனக்கு மறந்துபோய்விட்டது என்றாள். கடைசியில் அவர்தான் இறங்கி வந்தார்.

"சரி. பின்பக்கம் என் பொறுப்பு," என்றார். "நீ முன்னாடி மட்டும் பாரு. திரும்பவே கூடாது. என்மேல நம்பிக்கை இருக்கில்ல?"

அவள் இருக்கு என்றாள்.

அந்த ஒரு வார்த்தைக்காக மனிதர் பட்ட பாடு இருக்கிறதே. இன்ஸ்பெக்டர் என்றால் வேலையிடத்தில் சிம்மசொப்பனம். புது லிஃப்ட் ஒன்றை ஓட்டிக் காட்டி, பாருங்க சார் வெண்ணெய் மாதிரி போகுது என்று யாராவது பல்லிளித்தால் அவருக்குப் பற்றிக்கொண்டு வரும். காலி லிஃப்ட் எந்த ஊரிலும் நன்றாகத்தான் ஓடும் என்பார். இரும்புக் கட்டிகளை உள்ளே அடுக்கி, முழு பாரத்தோடு ஏற்றி இறக்கிக் காட்டினால்தான் கையெழுத்து. கட்டிகளைத் தூக்கித் தூக்கி முதுகு போன ஆட்கள் அவரைச் சபிக்காத நாளில்லை. லிஃப்டுக்குக் கயிறு ஒன்று. கயிறு அறுந்தால் லிஃப்ட் ஓடுகிற தண்டவாளத்தைக் கவ்விப் பிடிக்க வேறொரு கொக்கி. இரண்டும் ஒரே காரணத்தால் சாகக் கூடாது. இதுதான் அவருடைய வேதம், அதை இப்போது சைக்கிளுக்குக் கொண்டுவந்தார். ஒவ்வொரு வண்டிக்கும் பின்னால் ஏற்கெனவே இருக்கிற லைட்டோடு இரண்டாவதாக ஒன்று. முதல் லைட் சார்ஜ் போடுகிற வகையா, அப்படியென்றால் இரண்டாவது சின்ன பேட்டரியில் எரிய வேண்டும். முதலாவது திருகாணியில் நிற்கிறதா, இரண்டாவது ரப்பர் பட்டையில் நிற்க வேண்டும்.

கடை கடையாக ஏறி இறங்கினார். வாங்கி வந்ததை வாளித் தண்ணீரில் முக்கினார். மேஜையிலிருந்து தரையில் போட்டார். ஒன்று தண்ணீருக்குள் போனதும் மூச்சை விட்டது, ஒன்று தரையில் விழுந்து மூடி தனியாகப் போனது. இரண்டையும் கடைக்காரன் தலையில் திருப்பிக் கட்டிவிட்டு வந்தார்.

"மாமா, லைட்டு வாங்கறீங்களா, உங்க பொண்ணுக்கு மாப்பிள்ளை பாக்கறீங்களா?" என்றான் மச்சினன்.

தேறியவை நாலு. ஞாயிற்றுக்கிழமை நடையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து அவரே மாட்டினார். மகளுடைய வண்டியில் சீட்டைத் தாங்கும் தண்டு உருண்டையாக இல்லாமல் கத்திப்பிடி போல் தட்டையாக இருந்தது, பட்டை வழுக்கியது. பழைய டியூபில் ஒரு துண்டு வெட்டிச் சுற்றி அதன்மேல் இறுக்கினார். மடக்கு சைக்கிளில் அந்தத் தண்டு மடக்கும்போது உள்ளே போய்விடும், அதனால் சீட்டின் அடியிலேயே கட்டினார். பச்சை வண்டிக்கு வந்தபோது அவர் மனைவி குனிந்து, கேரியரின் பின் விளிம்பிலேயே இன்னொரு துளை இருக்கிறதே, அதில் வைக்கலாமே என்றாள். அவர் சிரித்துவிட்டார். பழைய லைட் அங்கேதான் இருக்கிறது. ஒரு இடி இடித்தால், சேறு வாரி அடித்தால் இரண்டும் ஒன்றாகப் போகும். ஒரே காரணம் என்று விரலை ஆட்டிவிட்டு, சீட்டுக்குக் கீழே தண்டில் கட்டி இறுக்கினார். அவள் "என் வண்டியில..." என்று என்னவோ ஆரம்பித்தாள். அவர் அடுத்த பட்டையைப் பல்லில் கடித்து இழுத்துக்கொண்டிருந்தார். அவள் விட்டுவிட்டாள்.

மாட்டி முடித்ததும் நடை விளக்கை அணைக்கச் சொன்னார். எல்லா லைட்டையும் போட்டுவிட்டு வாசல் கதவுவரை போய்த் திரும்பி நின்று பார்த்தார். சுவரோரமாக வரிசையாகச் சிவப்புச் சிவப்பாக எட்டும் எரிந்தன. நான் வேணும்னா ஒவ்வொன்றிலும் ஏறி உட்கார்ந்து காட்டவா என்று மச்சினன் கேட்டான். நீ ஏறினால் லைட் எரியும், வண்டி இருக்காது என்று இன்ஸ்பெக்டர் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். அன்றைக்கு அவர் வயிறு நிறையச் சாப்பிட்டார்.

அவள் மறுபடி வேலைக்குப் போக ஆரம்பித்தாள். முதல் சில நாட்கள் பழக்கதோஷத்தில் கழுத்து திரும்பியது. அப்புறம் குறைந்தது. ஒரு நாள் வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல், இன்றைக்கு ஒரு தடவைகூடத் திரும்பவில்லை என்று சொன்னாள். இன்ஸ்பெக்டருக்குப் பெருமை பிடிபடவில்லை. வெளியில் காட்டிக்கொள்ளாமல் செய்தித்தாளைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டிருந்தார் என்று மகள் பிற்பாடு சொல்லிச் சிரிப்பாள்.

அப்படியே போய்க்கொண்டிருந்தது, மழை வரும்வரை.

அன்றைக்கு மத்தியானத்திலிருந்தே வானம் பிய்த்துக்கொண்டு ஊற்றியது. ஒரு துணிக்கடை கட்டடத்தில் லிஃப்டைப் பார்த்துவிட்டு இன்ஸ்பெக்டர் கிளம்பும்போது ஐந்து மணிக்கே இருட்டிக்கொண்டு வந்தது. மழைக்கோட்டை மாட்டிக்கொண்டார். அது முழங்காலுக்குக் கீழே தொங்குகிற பெரிய கோட்டு. மச்சினன் அதற்கு வைத்த பெயர் கூடாரம். குனிந்து முதல் லைட்டைப் போட்டார், இரண்டாவதையும் போட்டார், இரண்டும் எரிகிறதா என்று பார்த்தார், ஏறி உட்கார்ந்தார்.

வழியில் ரயில் பாதைக்குக் கீழே ஒரு சுரங்கச் சாலை. நீளமானது. இரண்டு பக்கமும் சுவர், நடைபாதை கிடையாது. கிடங்குகளிலிருந்து வரும் லாரிகள் எல்லாம் அதில்தான் இறங்கி ஏற வேண்டும். உள்ளே பாதி விளக்குகள் எப்போதும்போல் தூங்கிக்கொண்டிருந்தன. இறக்கத்தில் வரும்போதே அவர் பார்த்தார், முன்னால் கொஞ்ச தூரத்தில் சுவரோரமாக ஏதோ ஒரு இருட்டு இருட்டுக்குள் நகர்ந்துகொண்டிருந்தது. ஒரு கார் தாண்டிப் போன வெளிச்சத்தில் அது சைக்கிள் என்று தெரிந்தது. பின்னால் ஒரு பொட்டு வெளிச்சம் இல்லை.

இன்ஸ்பெக்டருக்குச் சுரீரென்று கோபம் வந்தது. லைட் இல்லாமல் போகிற சைக்கிளைக் கண்டால் அவருக்கு ஆகாது, மனைவி விழுந்ததிலிருந்து அறவே ஆகாது. சாகிறதுக்கென்றே கிளம்பி வருகிறார்கள், இதையெல்லாம் பார்த்துச் சொல்ல இவன் வீட்டில் ஒரு ஆள் இல்லையா என்று வாய்விட்டே திட்டினார்.

இன்னொரு கார் தாண்டியது. அந்த வெளிச்சத்தில் கேரியர்மேல் சாம்பல் நிறத்தில் ஒரு பெரிய பெட்டி தெரிந்தது. பெட்டிக்கு மேலே மழைக்கோட்டுப் போட்ட ஒரு முதுகு. அந்த முதுகில் இடது தோள் கொஞ்சம் தூக்கலாக இருந்தது.

பச்சை வண்டி. அவள்தான்.

கூப்பிடத்தான் வாயைத் திறந்தார். திறந்த வாய் அப்படியே நின்றது. கூப்பிட்டால் திரும்புவாள். திரும்பினால் வண்டியும் திரும்பும். மேலே லாரிகள் இறங்குகிற சத்தத்தில் சுவரெல்லாம் அதிர்ந்துகொண்டிருந்தது. திரும்பாதே, பின்பக்கம் என் பொறுப்பு என்று சொன்ன வாயால் இப்போது எப்படிக் கூப்பிடுவது?

செய்ய முடிந்தது ஒன்றே ஒன்றுதான். அவளுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வது. அவர் வண்டியில் லைட் இரண்டு எரிகிறது. அவள் லைட்டாக அவரே இருந்துவிட வேண்டியதுதான். பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தார். கூடாரத்துக்குள் காற்று புகுந்து பின்னுக்கு இழுத்தது. தண்ணீர் தேங்கிய பள்ளத்தில் முன் சக்கரம் இறங்கி வழுக்கப் பார்த்தது. ஒருவழியாக அவளுக்கு இரண்டு சைக்கிள் தூரம் பின்னால் வந்து, அவளைவிடச் சற்று நடுரோட்டுப் பக்கமாக விலகி ஓட்டினார். இடிக்கிறவன் முதலில் தன்னை இடிக்கட்டும் என்று நினைத்தார். அப்படி நினைத்தது அவருக்கே ஆச்சரியமாக இருந்தது, ஆனால் கால் நிற்கவில்லை.

அவள் திரும்பவில்லை. ஒழுங்காக, நேராக, முன்னால் மட்டும் பார்த்துக்கொண்டு போனாள்.

ஏற்றம் ஆரம்பிக்கிற இடத்தில் பின்னாலிருந்து ஒரு லாரி வந்தது. வெளிச்சம் முதலில் சுவரில் பட்டது, அப்புறம் அவள் முதுகில் பட்டது. வேகம் குறைகிற மாதிரி சத்தம் வரவில்லை. அவர் நகரவில்லை. கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, கண் முன்னால் ரெண்டு லைட்டு எரியுதே, பாருடா, பாருடா என்று மனதுக்குள் கத்தினார். அது காதுக்குப் பக்கத்தில் வந்த பிறகுதான் பிரேக் அலறியது. ஹாரன் சுரங்கத்தையே கிழித்தது. லாரி ஒரு பக்கம் ஒடித்துத் திரும்பி, அவர் முழங்கைக்கு ஒரு சாண் தள்ளி, தண்ணீரை வாரி இறைத்துக்கொண்டு தாண்டியது. டிரைவர் ஜன்னலில் தலையை நீட்டிக் கத்திக்கொண்டு போனான்.

"லைட்டு இல்லாம எங்கடா சாகப் போறீங்க?"

அவளைத்தான் சொல்கிறான் என்று இன்ஸ்பெக்டர் நினைத்தார். நான் ஒருத்தன் பின்னால் வருவது உன் கண்ணுக்குத் தெரியவில்லையா என்று பதிலுக்குத் திட்டக்கூட மூச்சு இல்லை.

முன்னால் அவள் ஒரு கணம் தடுமாறினாள். கழுத்து அசைந்தது. அசைந்து, நின்று, மறுபடி நேரானது. அப்படியே ஏற்றம் ஏறினாள்.

பரிசோதனைக் கூடத்தின் முகப்புக் கூரைக்குள் வண்டியை நிறுத்தி இறங்கியவள்தான் அவரைப் பார்த்தாள். முதலில் முகம் மலர்ந்தது. உடனே சுருங்கியது. வேவு பார்க்க வந்தாரா, அப்படியென்றால் நம்பிக்கை என்று பேசியதெல்லாம் எதற்கு என்று கேட்டாள். அவர் பச்சை வண்டிப் பக்கத்தில் மண்டி போட்டார்.

கேரியரின் பின் விளிம்பில் இருந்த பழைய லைட் உள்ளே தண்ணீர் புகுந்து செத்துக் கிடந்தது. சீட்டுக்குக் கீழே அவர் கட்டிய இரண்டாவது லைட் ஜம்மென்று எரிந்துகொண்டிருந்தது. வாளித் தண்ணீரிலும் சாகாத லைட் மழைக்கா சாகும்? அதற்கு எதிரே நாலு விரல் இடைவெளியில் பெட்டியின் சுவர். அந்தச் சுவரில் அழகாக, வட்டமாக, சிவப்பாக வெளிச்சம் விழுந்திருந்தது. அதைத் தாண்டி ஒரு துளி வெளியே வரவில்லை.

குழாய்களை வைக்கிற அந்தப் பெட்டி கூடத்துச் சொத்து. காலையில் கூடத்துக்குப் போனதும் கட்டுவாள், சாயங்காலம் அவிழ்த்து உள்ளே வைத்துவிட்டுத்தான் வீட்டுக்கு வருவாள். வீட்டு நடையில் அந்தக் கேரியர் எப்போதும் காலி.

"காலி லிஃப்டை ஓட்டிப் பார்த்திருக்கேன்," என்றார் இன்ஸ்பெக்டர்.

அவளும் குனிந்து அந்தச் சிவப்பு வட்டத்தைப் பார்த்தாள். பழைய லைட் எப்போதிலிருந்து எரியவில்லை என்று அவர் கேட்டார். காலையில் எரிந்தது என்றாள். கொஞ்சம் யோசித்து, எரிந்திருக்கும் என்றாள். அப்புறம் அதுவும் நிச்சயமில்லை என்பதுபோல் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"நான் திரும்பிப் பாக்கவே இல்லங்க. நீங்க சொன்னீங்கன்னு."

அதட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். அவள் உள்ளே போய்க் குழாய்களை ஒப்படைத்தாள். காலிப் பெட்டியை ஒரு ராத்திரிக்கு வீட்டுக்கு எடுத்துப்போகக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்து, மறுபடி கேரியரில் வைத்துக் கட்டினாள். மழை விடவில்லை. சுரங்கம் இல்லாத சுற்றுவழியில் இருவரும் வண்டிகளைத் தள்ளிக்கொண்டே வீட்டுக்கு நடந்தார்கள்.

வீட்டுக்குள் நுழைந்ததுதான் தாமதம், மனிதர் பழைய இன்ஸ்பெக்டர் ஆகிவிட்டார். கோட்டைக்கூடக் கழற்றவில்லை. சொட்டச் சொட்ட நின்றபடி மகளைக் கூப்பிட்டார், மச்சினனைக் கூப்பிட்டார். தினம் எப்படிப் போகிறீர்களோ அப்படியே கிளம்பி வாருங்கள், பை, தொப்பி, சட்டை எல்லாம் அப்படியே என்றார். என்ன நடந்தது என்று தெரியாவிட்டாலும், அக்கா முகத்தைப் பார்த்ததும் மச்சினன் கேலியை விழுங்கிக்கொண்டான்.

முதலில் பச்சை வண்டி. பட்டையை அவிழ்த்து லைட்டை எடுத்துப் பெட்டியின் பின்பக்கப் பிடியில் கட்டினார். பெட்டி இல்லாத நேரத்துக்குக் கேரியர் துளையில் இன்னொன்று, நாளைக்கே வாங்கிவிடலாம் என்றார். அவள் ஏறி உட்கார, நடை விளக்கை அணைத்துவிட்டு வாசலில் போய் நின்று பார்த்தார். தெரிந்தது. மகள் ஏறினாள், முதுகுப்பையின் வார் ஒன்று லைட்டின் குறுக்கே தொங்கியது, முடிச்சுப் போடச் சொன்னார். மச்சினன் ஏறினான். சீட் தாழ்ந்து, சட்டை விளிம்பு லைட்டில் பாதியை மறைத்தது. அதையும் சரிசெய்தார். ஒவ்வொன்றாகச் சரியாகச் சரியாக அவருக்கு மூச்சு சீராக வந்தது.

"இப்ப உங்க வண்டி," என்றாள் மனைவி.

தன் வண்டியில் பார்க்க என்ன இருக்கிறது, கேரியரே கிடையாதே, பெட்டி எங்கிருந்து வரும் என்றார் அவர். அவள் ஏறுங்க என்று மட்டும் சொன்னாள்.

குனிந்து இரண்டு லைட்டையும் போட்டார். ஒரு கையைச் சுவரில் ஊன்றிக்கொண்டு ஏறி உட்கார்ந்தார். நடை விளக்கு அணைந்தது. மூன்று பேரும் அவருக்குப் பின்னால் வாசலில் நின்றார்கள்.

"தெரியுதா?" என்றார்.

எதற்கும் ஒரு கேலி வைத்திருக்கிற மச்சினன்கூட வாயைத் திறக்கவில்லை. இரண்டையும் நான்தானே இப்போது போட்டேன், எரியும், நன்றாகப் பாருங்கள் என்று அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே மனைவி நடந்து வருகிற சத்தம் கேட்டது. முதுகுக்குப் பின்னால் ஏதோ இழுபட்டது. சட்டென்று பக்கச் சுவரெல்லாம் சிவப்பாயிற்று. அவள் நிழல் பெரிதாக அதில் விழுந்ததைப் பார்த்தார். அவள் கையை விட்டாள். கூடாரத்தின் விளிம்பு தொப்பென்று விழுந்தது. நடை மறுபடி கும்மிருட்டு.

சீட்டுக்குக் கீழே ஒன்று, அதற்கும் கீழே ஒன்று. வேறு வேறு பேட்டரி, வேறு வேறு பிடிமானம். இரண்டையும் ஒரே கோட்டு மூடியிருந்தது.

"சுரங்கத்துல இதைப் போட்டுக்கிட்டுத்தான் எனக்குப் பின்னாடி வந்தீங்களா?" என்றாள்.

அவர் ஆமாம் என்றார். டிரைவர் கத்தியது இப்போதுதான் அவர் காதில் முழுதாக விழுந்தது. போறே என்று இல்லை, போறீங்க என்றுதான் சொல்லியிருந்தான், இரண்டு பேரையும் சேர்த்து. இறங்கலாம் என்று காலைத் தரையில் வைத்தார். அவள் மறுபடி ஈரக் கோட்டைக் கொத்தாக முதுகுப்பக்கம் பிடித்துக்கொண்டாள். பிடியை விடவே இல்லை.

"பின்பக்கம் இனிமே யாரு பொறுப்பும் வேண்டாம்," என்றாள். "வண்டி ஆடாம திரும்பிப் பாக்கறதுக்கு நானே கத்துக்கறேன்."

அவர் கோட்டின் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்ற ஆரம்பித்தார்.

"எனக்கும் சொல்லிக்குடு," என்றார் இன்ஸ்பெக்டர்.